புதிய வாடிக்கையாளரிடம் முன்பணம்: எதற்காக, எவ்வளவு, எப்போது திருப்புவது

எஸ்கார்ட்டாக, அதாவது வாடிக்கையாளரைக் கட்டணத்துக்குச் சந்திக்கும் பாலியல் தொழிலாளராக, தனித்து வேலை செய்கிறவர்களிடையே ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு. முதல்முறை வரும் வாடிக்கையாளரிடம் சந்திப்புக்கு முன்பே ஒரு தொகையை வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதே அது. வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கேட்பதே மோசடிக்காரர்களின் அடையாளமாகிவிட்ட காலத்தில், அதைக் கேட்டு நல்ல வாடிக்கையாளரை ஏன் விரட்ட வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் நான் முன்பணம் வாங்குகிறவள். வாங்குவதுதான் சரி என்று நினைக்கிறவள். ஆனாலும் அந்தப் பணம் எதற்காக வாங்கப்படுகிறது என்பதில் நமக்குத் தெளிவு இல்லையென்றால், நம்மைக் காக்க வேண்டிய ஏற்பாடே நம் கையைக் கட்டிப்போட்டுவிடும். வயது வந்தவர்கள் தம் விருப்பத்தின்பேரில் செய்யும் தொழிலைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ இதில் தள்ளுவது கொடுங்குற்றம். அதற்கு விதிமுறை வகுக்க முடியாது, தண்டனைதான் உண்டு.

சொன்ன நேரத்துக்கு வராமல் போகிறவரால் ஏற்படும் இழப்பை, வெளியில் இருப்பவர்கள் ஒரு மணி நேரக் கட்டணமாக மட்டுமே கணக்கிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு மாலைப்பொழுது முழுவதும் பறிபோவதாகும். அறை எடுத்திருந்தால் அதன் வாடகை, போய்வரும் செலவு, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவருக்குத் தர வேண்டிய கூலி, அதே நேரத்தைக் கேட்ட இன்னொருவருக்கு இல்லையென்று சொல்லிவிட்டது என்று எல்லாம் சேர்ந்து அந்த ஒரு சந்திப்பின் தலையில் விழும். ஏழு மணிக்கு "கிளம்பிவிட்டேன்" என்று செய்தி வரும். ஏழே கால் மணிக்கு "பக்கத்தில்தான் இருக்கிறேன், வண்டி நிறுத்த இடம் தேடுகிறேன்" என்று வரும். ஏழரை மணிக்கு அழைத்தால் அந்த எண் அணைக்கப்பட்டிருக்கும். இப்படிச் செய்கிறவர்களில் சிலர் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கியவர்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே வரும் எண்ணம் இல்லாமல், பேசிக்கொண்டிருப்பதையும் ஒரு பெண்ணைக் காத்திருக்க வைப்பதையுமே இன்பமாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் ஒரு சிறு தொகையைக் கேட்ட உடனே காணாமல் போய்விடுகிறார்கள். முன்பணத்தின் முதல் பயன் இதுதான். இதை மறுப்பவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை.

திருமணப் புகைப்படக்காரர் ஒரு தேதியை ஒதுக்கித் தருவதற்கு முன்பணம் கேட்டால் யாரும் அவரைச் சந்தேகிப்பதில்லை. அந்தத் தேதியை இனி வேறு யாருக்கும் தர முடியாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. நாங்கள் கேட்பதும் ஒதுக்கிய நேரத்துக்கான பிணைதான். ஆனால் புகைப்படக்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் எங்களுக்கு இருக்கிறது. அவர் முன்பணம் வாங்கிய பிறகு, மணமகனின் முகம் பிடிக்கவில்லை என்று வாசலில் நின்று திரும்பிப் போவதில்லை. நாங்கள் அப்படித் திரும்பிப் போக வேண்டிய நாட்கள் வரும். அப்படிப் போகும் சுதந்திரம் இல்லாவிட்டால் இந்தத் தொழிலைச் செய்யவே கூடாது.

கதவைத் திறக்கும் கணத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொலைபேசியில் பேசிய குரலுக்கும் எதிரே நிற்பவருக்கும் பொருத்தமில்லை. அல்லது அவர்மீது மதுவாடை அடிக்கிறது. அல்லது ஒருவர் என்று சொல்லிவிட்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். அல்லது காரணம் எதுவும் சொல்லத் தெரியாமல் அடிவயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது. முன்பணம் வாங்காதவள் அந்த இடத்தில் "மன்னிக்கவும், இன்று முடியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். முன்பணம் வாங்கியவளின் மனத்தில் அதே கணத்தில் இன்னொரு கணக்கும் ஓடும். பணத்தை வாங்கிவிட்டோமே, திருப்பிக் கேட்டு மிரட்டினால் என்ன செய்வது, அந்தப் பணம் ஏற்கெனவே அறை வாடகைக்குப் போய்விட்டதே என்று எண்ணம் ஓடும். அந்தச் சில நொடித் தயக்கத்தில் எதிரே நிற்பவர் உள்ளே வந்துவிடுகிறார். முன்பணத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களிலேயே எனக்குக் கனமானதாகத் தெரிவது இதுதான். ஆனால் விவாதங்களில் இதைத்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். பணம் வருமா வராதா என்பதைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம்.

நியூசிலாந்து 2003ஆம் ஆண்டில் இயற்றிய பாலியல் தொழில் சீர்திருத்தச் சட்டம் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. அந்தச் சட்டத்தின்படி, பாலியல் சேவைக்கான ஒப்பந்தம் பொதுக்கொள்கைக்கு விரோதமானது என்ற காரணத்தால் செல்லாததாகிவிடுவதில்லை. அதாவது வாடிக்கையாளரும் தொழிலாளரும் செய்துகொண்ட பண ஏற்பாட்டுக்குச் சட்ட மதிப்பு உண்டு. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒப்பந்தம் இருந்தாலும் எந்த நேரத்திலும் சேவையைத் தர மறுக்கலாம், தொடங்கிய பின்னும் நிறுத்தலாம் என்கிறது. பணம் தொடர்பான வழக்கு ஏதேனும் இருந்தால் அது தனியாக நடக்கலாம்; ஆனால் சம்மதத்தை அந்த ஒப்பந்தம் தொட முடியாது. பணத்தையும் சம்மதத்தையும் இப்படி இரண்டு தனித்தனி ஏடுகளில் எழுதிவைத்ததுதான் அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனியில் 2002ஆம் ஆண்டுச் சட்டமும் பேசிய கட்டணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளருக்குத் தந்தது. ஆனால் சேவையைக் கட்டாயப்படுத்திப் பெறும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தரவில்லை. பெரும்பாலான நாடுகளில் இப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஆகவே அந்தப் பிரிவினையை நம் விதிமுறைகளிலேயே நாம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் முடிவு இதிலிருந்துதான் பிறக்கிறது. முன்பணம் நேரத்துக்கு மட்டுமே உரியது. சம்மதத்தில் ஒரு துளியைக்கூட அது வாங்குவதில்லை. வாடிக்கையாளர் வராவிட்டால் அல்லது கடைசி நேரத்தில் ரத்துசெய்தால் அந்தப் பணம் என்னுடையது, ஏனெனில் நேரம் போய்விட்டது. நான் ரத்துசெய்தால் காரணம் எதுவானாலும் பணம் அன்றே அவருக்குத் திரும்பிப் போகும். வாசலில் அவரைப் பார்த்ததும் மறுத்தாலும் அப்படியே, முழுத் தொகையும் திரும்பிப் போகும். மது அருந்திவிட்டு வந்தது அவர் தவறுதானே, பிறகு ஏன் திருப்பித் தர வேண்டும் என்று தோழியர் சிலர் கேட்பதுண்டு. நியாயத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் நான் திருப்பித் தருவது அவருக்குச் செய்யும் உதவிக்காக அல்ல. பணத்தை வைத்துக்கொண்டால் அவர் கதவுக்கு வெளியே நின்று சண்டை போடுவார், திரும்பத் திரும்ப அழைப்பார், என் முகவரியை நினைவில் வைத்துக்கொள்வார். அதைவிட முக்கியமாக, எந்த நேரத்திலும் திருப்பித் தந்துவிட்டு விலகலாம் என்ற உறுதி என்னிடம் இருந்தால்தான் அந்த வாசலில் என் வாய் தயங்காமல் 'முடியாது' என்று சொல்லும்.

தொகை எவ்வளவு என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பாதிக் கட்டணத்தையும், சில சமயம் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு இழப்போம் என்பதிலிருந்து தொகையைக் கணக்கிடுகிறார்கள். இன்றிரவே யோசிக்காமல் எவ்வளவு திருப்பித் தர முடியும் என்பதிலிருந்து நான் கணக்கிடுகிறேன். ஒரு மணி நேரச் சந்திப்புக்குக் கட்டணத்தில் கால் பங்குக்கு மேல் நான் கேட்பதில்லை. சந்திப்பு முடியும்வரை அந்தப் பணத்தைச் செலவுசெய்வதும் இல்லை. வெறும் பேச்சுக்காக வருகிறவரை விலக்க இந்தச் சிறு தொகையே போதும். ஏனென்றால் அவர் பெரிய தொகைக்கு அஞ்சி ஓடுவதில்லை. பணம் அனுப்பினால் தன் பெயர் ஏதோ ஒரு வகையில் பதிவாகிவிடும் என்பதற்கு அஞ்சியே ஓடுகிறார். வேறு ஊருக்குப் பயணம் செய்து, நாள் முழுவதையும் ஒருவருக்கே ஒதுக்கும் ஏற்பாடு வேறு வகையானது. அதில் பயணச்சீட்டையும் தங்குமிடத்தையும் வாடிக்கையாளரே முன்கூட்டிச் செலுத்திவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

முன்பணம் அனுப்பிவிட்டார் என்பதாலேயே ஒருவரைப் பாதுகாப்பானவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தீங்கு செய்ய நினைப்பவருக்குக் கால் பங்குக் கட்டணம் ஒரு தடையே இல்லை. அவர் யார், உண்மையான பெயரைச் சொல்கிறாரா, அவரை முன்பு சந்தித்த வேறு எஸ்கார்ட் யாராவது அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறாரா, பேசும்போது எல்லையை மதிக்கிறாரா என்று விசாரிப்பது தனி வேலை. அந்த வேலையின் மதிப்பை நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் பெட்ஃபோர்டு வழக்கில் பாலியல் தொழில் தொடர்பான மூன்று சட்டப் பிரிவுகளை ரத்துசெய்தது. பொது இடத்தில் பேரம் பேசுவதைத் தடைசெய்த பிரிவு, வாடிக்கையாளர் போதையில் இருக்கிறாரா, வன்முறை செய்யக்கூடியவரா என்று தொழிலாளர் எடைபோடும் வாய்ப்பையே பறிக்கிறது என்பதும் அந்தத் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று. அமெரிக்காவில் 2018 ஏப்ரலில், எங்கள் தொழிலில் பலர் விளம்பரம் செய்துவந்த பேக்பேஜ் இணையதளம் முடக்கப்பட்டு, சில நாட்களிலேயே, பாலியல் தொழிலுக்கு வழிசெய்யும் தளங்களைப் பொறுப்பாக்கும் ஃபோஸ்டா சட்டம் கையெழுத்தானது. அதன் பிறகு விளம்பரம் செய்யும் இடங்களை மட்டுமல்லாமல், வாடிக்கையாளரை முன்கூட்டியே விசாரித்தறியும் வழிகளையும் இழந்துவிட்டதாக அங்குள்ள தொழிலாளர்கள் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். விசாரிக்கும் வழி குறையக் குறைய, முன்பணத்தின்மேல் அது சுமக்க முடியாத பாரத்தை ஏற்றிவிடுகிறோம்.

வாடிக்கையாளர் பக்கத்து அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அது உண்மையானது. யாரோ ஒரு பெண்ணின் படங்களைத் திருடி விளம்பரம் போட்டு, முன்பணத்தைக் கிஃப்ட் கார்டு எண்ணாக அனுப்பச் சொல்லி, அது கிடைத்ததும் 'பாதுகாப்பு வைப்பு' என்று இன்னொரு தொகையைக் கேட்டு, அதற்கும் பிறகு குடும்பத்துக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டுகிற கும்பல்கள் எங்கும் இருக்கின்றன. கிஃப்ட் கார்டில் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் மோசடிக்காரர் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் மக்களை எச்சரித்து வருகிறது. ஏமாந்தவர் பல இடங்களில் காவல் நிலையத்துக்கும் போக முடியாது. 1999இல் ஸ்வீடன் தொடங்கி, 2014இல் கனடா, 2016இல் பிரான்ஸ் என்று பல நாடுகள் பாலியல் சேவையை விலைகொடுத்து வாங்குவதையே குற்றமாக்கியிருக்கின்றன. அந்த நாடுகளில் புகார் கொடுப்பது தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுப்பதாகிவிடும். எனவே ஒரு புதிய வாடிக்கையாளர் முன்பணம் அனுப்பத் தயங்கினால் அவரை உடனே வீணர் என்று முத்திரை குத்துவது தவறு. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவராகவும் அவர் இருக்கலாம். நான் முன்பணத்தைக் கேட்பதற்கு முன்பே முகம் தெரிய ஒரு நிமிட வீடியோ அழைப்பில் பேசிவிடுகிறேன். படத்தில் இருப்பவள் நான்தான் என்பது அவருக்கு உறுதியாகிறது. பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதும் எனக்குக் கொஞ்சம் தெரிகிறது. கிஃப்ட் கார்டை நான் எப்போதும் கேட்பதில்லை. அதில் பெயர் வெளிவராது, பணத்தைத் திரும்பப் பெறவும் முடியாது என்பதால் அது நமக்கு வசதியாகத் தோன்றலாம். ஆனால் நேர்மையானவரையும் மோசடிக்காரரையும் பிரித்தறிய வாடிக்கையாளருக்கு இருக்கும் முக்கியமான ஓர் அடையாளத்தை அது அழித்துவிடுகிறது.

பணம் எந்த வழியாக வருகிறது என்பது இன்னும் தொல்லையான கேள்வி. வங்கிப் பரிமாற்றம் என்றால், நான் இன்னும் நேரில் பார்த்திராத ஒருவருக்கு என் சட்டப்பூர்வமான பெயர் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெயரை வைத்து வீட்டையும் உறவினரையும் தேடிக் கண்டுபிடிப்பது இன்றைக்குப் பெரிய வேலை அல்ல. அட்டை வழியாக வரும் பணத்தைப் பல வாரங்கள் கழித்தும், வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திருப்பக் கேட்கும் சார்ஜ்பேக் மூலம் அனுப்பியவரே திரும்பப் பெற்றுவிட முடியும். பெரும்பாலான தகராறுகளுக்கு ஏறத்தாழ 120 நாட்கள்வரை அவகாசம் இருக்கிறது. செயலிகள் வழியாக வாங்கினால், பல பணப் பரிமாற்ற நிறுவனங்களின் விதிமுறைகள் எங்கள் தொழிலையே அனுமதிப்பதில்லை. சட்டப்படி வேலை செய்கிற நாட்டிலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்த எஸ்கார்ட் ஒருத்திக்குப் புதிய வாடிக்கையாளர் அனுப்பியது மிகச் சிறிய தொகை. அனுப்பும்போது 'எதற்காக' என்று கேட்கும் கட்டத்தில், அவர் நல்லெண்ணத்தோடுதான், எந்த இரவுக்கு என்ன சேவைக்கு என்று முழுமையாக எழுதியிருந்தார். மறுநாள் காலையில் அவளுடைய கணக்கு முடக்கப்பட்டிருந்தது. அந்த மாதத்தின் வீட்டு வாடகையும் அதற்குள்தான் இருந்தது. இத்தகைய நிறுவனங்கள் சில, முடக்கிய பணத்தை 180 நாட்கள்வரை நிறுத்திவைக்கும் உரிமையைத் தம் விதிமுறைகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன.

இது தற்செயலாக வந்த நிலை அல்ல. 2015இல் அமெரிக்காவில் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டி என்ற மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரிஃப் கடிதம் எழுதி வலியுறுத்தியதும், விசாவும் மாஸ்டர்கார்டும் பேக்பேஜ் தளத்துக்கான பரிவர்த்தனைகளை நிறுத்தின. அந்த அழுத்தம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதிகாரத்திலிருந்து ஒரு கடிதம் போனாலே பணம் ஓடும் குழாயை அடைத்துவிடலாம் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதற்குப் பயந்து கணவர், அண்ணன், தோழி என்று வேறு ஒருவரின் கணக்கில் முன்பணத்தை வாங்குகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல நாடுகளின் சட்டங்கள் தொழிலாளரைவிட அவரைச் சுற்றியிருப்பவர்கள்மீது கடுமையாகப் பாய்கின்றன. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தில், மற்றொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் தெரிந்தே வாழும் வயது வந்தவரைத் தண்டிக்கும் பிரிவு இருக்கிறது. உதவி செய்ய நினைத்துக் கணக்கு எண்ணைக் கொடுத்தவரின் வங்கி அறிக்கையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடக்கூடும். நம் முன்பணத்துக்காக நம்மை நேசிப்பவர்களை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது.

இவ்வளவையும் பார்த்த பிறகும் முன்பணம் வாங்குவது சரி என்றே சொல்கிறேன். ஆனால் எல்லா எஸ்கார்ட்டும் வாங்கியே தீர வேண்டும் என்று அதை ஒரு பொது விதியாக்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். வங்கிக் கணக்கே இல்லாதவர், வேற்று நாட்டில் உரிய ஆவணம் இன்றி வாழ்கிறவர், தொழிலுக்குப் புதிதாக வந்ததால் எந்த நற்பெயரையும் காட்ட முடியாதவர், இன்றைய வருமானத்தில்தான் இன்றைய இரவுச் சாப்பாடு என்ற நிலையில் இருப்பவர் ஆகியோர் முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். வசதியாகத் தொழில் நடத்துகிற நாங்கள் அதை ஒழுங்கின் அடையாளமாக்கிவிட்டால், அதைக் கேட்க முடியாதவர்களுக்கு ஏமாற்றமோ தீங்கோ நேரும்போது "முன்பணம் வாங்கியிருக்கலாமே" என்று குற்றத்தை அவர்கள் தலையிலேயே கட்டிவிடுவோம். சக தொழிலாளர்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. வராமல் போனவர்தான் தவறு செய்தவர். காத்திருந்தவள் எந்தத் தவறும் செய்யவில்லை.

விதிமுறையைச் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் அனுப்பிவிடுவது பெரும்பாலான சச்சரவுகளைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுகிறது. நான் அனுப்புவது ஐந்தாறு வரிகள்தான். தொகை எவ்வளவு, அது மொத்தக் கட்டணத்தில் கழிக்கப்படும் என்பது. ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் வேறு தேதிக்கு மாற்றித் தருவேன் என்பது. அதற்குப் பிறகு ரத்துசெய்தால் அல்லது வராவிட்டால் திருப்பித் தர மாட்டேன் என்பது. நான் ரத்துசெய்தாலோ சந்தித்த பிறகு மறுத்தாலோ முழுவதும் திருப்பித் தருவேன் என்பது. பணம் அனுப்பியதால் எந்தக் குறிப்பிட்ட செயலுக்கும் நான் ஒப்புக்கொண்டதாகாது என்பது. கடைசி வரியைப் படித்துவிட்டு எரிச்சலோடு பதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிலே எனக்குப் போதுமான விசாரணை. அவர்களுடன் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. பணம் அனுப்பியதற்குச் சான்றாக ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறவர்களிடம், என் கணக்கில் தொகை வந்து சேர்ந்த பிறகே நேரம் உறுதியாகும் என்று சொல்லிவிடுகிறேன். படத்தில் எண்ணை மாற்றுவது எவருக்கும் எளிது.

ஒருமுறை வந்து நல்லபடியாக நடந்துகொண்டவரிடம் மறுமுறை முன்பணம் கேட்பதில்லை. அவர் தன் பெயரையும் நேரத்தையும் மதிப்பவர் என்று தெரிந்துவிட்டது. முதல்முறை வருகிறவர் தன் காரணங்களுக்காக எந்த வழியிலும் பணம் அனுப்ப முடியாது என்று மரியாதையாகச் சொன்னால், அவரைப் பரிந்துரைக்க எனக்குத் தெரிந்த இன்னொரு எஸ்கார்ட் இருக்கிறாரா என்று கேட்கிறேன். அதுவும் இல்லையென்றால், நான் வேறு எந்தச் சந்திப்பையும் மறுக்க வேண்டியிராத, அறை வாடகை இல்லாத ஒரு நேரத்தைச் சொல்லி, அன்று காலையில் அழைத்து உறுதிசெய்யச் சொல்கிறேன். அப்படிச் சொன்ன காலையில் அழைத்துவிட்டு வந்தவர்களில் சிலர் இன்று என் பழைய வாடிக்கையாளர்கள்.